புங்க நிழல் போன வாசல்கள்

வேலூரில், பாலாற்றுக்குத் தெற்கே, செங்காடு நகர் மூன்றாவது குறுக்குத் தெருவின் கீழ்முனையில் நிற்கிற புங்கமரத்தின் நிழல் மற்ற மரங்களின் நிழலைப்போல மரத்தடியில் விழுவதில்லை, அதன் வேரில் யார் வீட்டுத் தண்ணீர் விழுந்ததோ அவர்கள் வாசலில் போய் விழுகிறது என்பது அந்தத் தெருவுக்குப் பல வருடம் தெரியாமலே இருந்தது. தெரியாததற்குக் காரணம் ஒன்றுதான். அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிய ஒரே ஆள் அதன் அடியிலேயே வண்டியை நிறுத்தியிருந்தாள்.

அவள் பெயர் தனபாக்கியம். ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேழ்வரகுக் கூழ் வண்டியைத் தள்ளிக்கொண்டு காலையில் பாலம் தாண்டி வருவாள், குண்டான் காலியானதும் பிற்பகலில் திரும்பப் பாலம் தாண்டிப் போவாள். கொத்து வேலைக்காரர்களும் ஆட்டோக்காரர்களும் தபால்காரரும் மரத்தடியில் நின்று, ஒரு கையில் டம்ளரும் மறு கையில் மோர்மிளகாயுமாக, குடித்து முடிக்கும்வரை வெயிலை மறந்திருப்பார்கள். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும்தான் அவளுக்கு வருடம். மிச்ச மாதங்களை இந்த மூன்றும் சுமந்துகொண்டு போகவேண்டும்.

மரத்தை நட்டது அவள் இல்லை. நகர் நலச் சங்கம் ஒரு ஆடி மாதத்தில் மரம் நடு விழா வைத்தது. தெருவில் இருபத்தாறு வீடு, வீட்டுக்கு எதிரில் ஒரு கன்று, கன்றுக்கு ஒரு இரும்புக் கூண்டு, கூண்டில் வீட்டுக்காரர் பெயர் வெள்ளைப் பெயிண்டில். ஒரு கன்று மிஞ்சியது. மிஞ்சியதை எந்த வீட்டுக்கும் எதிரில் இல்லாத தெருமுனையில் நட்டு, பெயர் எழுதாத கூண்டு ஒன்றைப் போட்டுவிட்டு, கேசரி சாப்பிட்டுப் படம் எடுத்துக்கொண்டு கலைந்தார்கள். பெயர் எழுதிய இருபத்தாறும் ஒவ்வொன்றாகப் போயின. ஒன்றை ஆடு கடித்தது, ஒன்றின்மேல் பின்னால் வந்த கார் ஏறியது, ஒன்று வாசலுக்கு ஆகாது என்று வாஸ்துக்காரர் பிடுங்கச் சொன்னார், மற்றவையெல்லாம் கணவன் ஊற்றியிருப்பார் என்று மனைவியும் மனைவி ஊற்றியிருப்பாள் என்று கணவனும் இருந்ததில் காய்ந்தன. கூண்டுகள் மட்டும் நின்றன, அவற்றில் மிதியடியும் ஈரத் துணியும் காயப்போட்டார்கள். பெயரில்லாத கூண்டுக்குள் இருந்தது மட்டும் வளர்ந்தது, ஏனென்றால் அந்த ஆவணியிலிருந்து தனபாக்கியம் டம்ளர் கழுவிய தண்ணீரை அதன் அடியில் கொட்டிக்கொண்டிருந்தாள். கூழ்த்தண்ணீர் குடித்த மரம் மளமளவென்று எழுந்து, கூண்டைப் பிதுக்கி, மின்கம்பியை எட்டிப் பார்த்தது.

பிற்பகலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு பாலத்தின்மேல் போகும்போது அவள்கூடவே ஒரு துண்டு நிழல் வரும். அண்ணாந்து பார்க்க ஒழியாதவள் அதை மேகம் என்று நினைத்துக்கொண்டாள். "நமக்குன்னு ஒரு மேகம் கீது" என்று வீட்டில் சொல்லவும் செய்தாள். அவள் போனபிறகு மரத்தடியில் நிழல் இருக்கிறதா இல்லையா என்று தெருவில் ஒருவரும் குனிந்து பார்த்ததில்லை.

ஒரு பங்குனிக் கடைசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. வண்டி வரவில்லை. தெருமுனையில் குக்கரும் அடுப்பும் பழுது பார்க்கிற வஹாப் பாய் தினமும் அவளிடம் கூழ் குடிக்கிறவர். துளிர் தொங்கியிருந்ததைப் பார்த்துப் பாவப்பட்டு, தன் வீட்டிலிருந்து இரண்டு வாளி கொண்டுவந்து ஊற்றினார். மேற்குப் பார்த்த வீடு அவருடையது. அவர் மனைவி மும்தாஜ் வாசலில் மிளகாய் காயவைத்திருந்தாள். சற்றைக்கெல்லாம் அவள் சத்தம் தெருவில் கேட்டது.

"யாருப்பா இங்க பந்தல் போட்டது? மிளகாய் எப்படிக் காயும்?"

பந்தல் எதுவும் இல்லை. வாசல் முழுவதும் இலை இலையாக நிழல் கிடந்தது. காற்றில் ஆடியது. ஒரு அணிலின் நிழல் மிளகாய்மேல் ஓடிப் போய் எதன்மேலோ ஏறியது. வஹாப் பாய் மேலே பார்த்தார், வெறும் ஆகாயம். நடந்துபோய் மரத்தடியைப் பார்த்தார், அங்கே கண்கூசுகிற வெயில். "சரி" என்றார். திரும்பி வந்து மிளகாயை மாடிக்கு எடுத்துப்போகச் சொல்லிவிட்டு, நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டார். பூவாசம் மட்டும் நிழலோடு வரவில்லை, அது மரத்தடியிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் எதிர்வீட்டு விக்டோரியா டீச்சர் ஒரு ஜக்குத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். நிழல் சாலையைக் கடந்து அவள் வாசலுக்குப் போனது. அடுத்த நாள் அதற்கு அடுத்த வீடு. வார முடிவில் தெருவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தெரிந்தவர்கள் யாரும் வாயைப் பிளந்து நிற்கவில்லை. குடத்தைத் தேடினார்கள்.

தனபாக்கியம் காய்ச்சல் விட்டு வந்தபோது அவளுடைய இடம் கொதித்துக்கொண்டிருந்தது. மரம் நின்றது, இலை இருந்தது, பூவும் இருந்தது, நிழல் மட்டும் நாலு வீடு தள்ளி ஒருவருடைய மோட்டார் சைக்கிளின்மேல் கிடந்தது. விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள். பாலத்தின்மேல் கூட வந்த மேகம் எது என்று அப்போதுதான் புரிந்தது. வண்டியை நிறுத்தி, டம்ளர்களைக் கழுவி, எப்போதும்போல் மரத்தடியில் கொட்டினாள். நிழல் எழுந்து வந்து வண்டிமேல் விழுந்தது. இரண்டு பேர் கூழ் வாங்கி வாயில் வைப்பதற்குள் யாரோ ஒரு குடம் ஊற்ற, நிழல் மறுபடி போய்விட்டது. வெயிலில் நின்று கூழ் குடிக்க யாராலும் முடியாது. குண்டானில் கூழ் மதியத்துக்கு முன்னாலேயே புளித்துப் பொங்கியது. மீந்த கூழை அவள் திரும்பப் பாலம் தாண்டித் தள்ளிக்கொண்டு போனாள்.

சண்டை முற்றியபோது சங்கம் கூடியது. செயலாளர் ஏகாம்பரம் சார், அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மரம் நடு விழாவை நடத்தியவரும் அவரே. மரத்தடி வெயிலில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்று பேசினார்கள்.

"எல்லாரும் ஆளுக்கொரு டம்ளர் ஒரே வாளியில ஊத்தி, அதைக் கொண்டுபோய் ஊத்தலாமே?" என்றார் வஹாப் பாய்.

"யார் வீட்டு வாளி?" என்றார் ஏகாம்பரம் சார்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிள்ளை பெற்று வந்திருக்கிற வீடு, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை உள்ள வீடு, கல்யாண வீடு, எல்லாவற்றுக்கும் முன்னால் சாவு விழுந்த வீடு, இவற்றுக்கு முதல் உரிமை என்றும், மற்ற நாட்களில் வாசல் வரிசைப்படி முறை என்றும் தீர்மானித்தார்கள். வாடகைக்குப் பந்தல் போடுகிற தேவராஜ் கூட்டத்தின் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "நல்லாக் கீதுய்யா நாயம். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மரம் போதும்னா நான் இன்னா பண்றது? மூங்கிலை ஊன்றுகோலாக் குடுக்கவா?" என்றான்.

"கூழ் வண்டிக்கு?" என்று வஹாப் பாய் கேட்டார்.

"வாசல் வரிசைன்னுதானே சொன்னோம் பாய். வண்டிக்கு ஏது வாசல்?"

"இத்தனை வருசம் ஊத்தினது அந்தம்மாதானே?"

"ஊத்தினது அவங்க, நட்டது சங்கம்" என்றார் ஏகாம்பரம் சார்.

எல்லோரும் தனபாக்கியத்தைப் பார்த்தார்கள். "நட்டது நீங்கதான் சார். நான் இல்லேன்னு சொல்லலியே" என்றாள். கடைசியில் ஞாயிற்றுக்கிழமையை வண்டிக்குக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கொத்து வேலைக்காரர்கள் வருவதில்லை, தபால்காரர் வருவதில்லை.

முறை வந்தபிறகு தெரு நிழலுக்குப் பழகிக்கொண்டது. முறை வாங்கிய வீட்டுக்காரர்கள் உறவினரை அன்றைக்கென்று அழைத்தார்கள். நிழலில் விழுகிற பூ நிழலைப் பெருக்கப் பார்த்துத் தோற்றார்கள். ஒரு வீட்டில் கட்டியிருந்த ஆடு தரையில் ஆடுகிற இலைகளை மாலைவரை மேய்ந்துவிட்டுப் பசியோடு கத்தியது. சம்பந்தம் பேச வந்தவர்கள், பெண் வீட்டுக்கு நிழல் முறை மாதத்தில் எத்தனை நாள் என்று கேட்டார்கள்.

ஆனால் முறைக்குள் திருட்டு நுழைந்தது. முறைக்காரர் ஒரு குடம் ஊற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்பும் முன் இன்னொருவர், "குழந்தை தூங்கற வரைக்கும்தான்" என்று ஒரு சொம்பு ஊற்றுவார். முறைக்காரர் திரும்ப வந்து இரண்டு குடம் ஊற்றுவார். ஏகாம்பரம் சார் மாடித்தொட்டியிலிருந்து நீளமான ட்யூப் ஒன்றை இழுத்து மரத்தடியில் விட்டார். அது நாள் முழுவதும் சொட்டியது. தனபாக்கியமும் சும்மா இருக்கவில்லை. வண்டிக்கு அடியில் இரண்டு பெரிய கேன் கட்டி, பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்தே தண்ணீர் கொண்டுவந்தாள். யார் ஊற்றினாலும் அடுத்தது அவள் ஊற்றினாள். நிழல் வந்தது, போனது, வந்தது. கூழ் குடிக்க வந்தவர்கள் டம்ளரோடு நிழலுக்குப் பின்னால் நடந்தார்கள்.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் ஏகாம்பரம் சார் வீட்டுக் கேட்டைத் தட்டினாள். கீழ்முனையிலிருந்து இரண்டாவது வீடு அவருடையது. அவர் இல்லை. தகரம் போட்ட முன்னறையில் அவர் மனைவி லோகாம்பாள் படுத்திருந்தாள். கை கால் விழுந்து படுக்கையாகக் கிடக்கிறாள் என்று தனபாக்கியத்துக்குத் தெரியும், பார்த்ததில்லை. முன்பெல்லாம் வெங்காயம் அதிகமாகக் கேட்டு வாங்கிக் கூழ் குடித்துவிட்டுப் போகிறவள். கதவு வழியாகப் புகுந்த நிழல் சுவரில் இலை இலையாக ஆடிக்கொண்டிருந்தது. லோகாம்பாள் நன்றாக இருந்த ஒரு கையால் சுவரில் ஓடுகிற அணிலைப் பொத்தப் பார்த்தாள், அது விரலுக்கு நடுவில் நழுவியது, மறுபடி பொத்தினாள். கதவோரம் நின்ற தனபாக்கியத்தைப் பார்த்து வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தாள்.

தனபாக்கியம் சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பினாள். சொல்லவில்லையே தவிர, மறுநாள் மூன்று கேன் கொண்டுவந்தாள்.

சித்திரை பிறந்து கத்திரி வெயில் தொடங்கியபோது மரம் மஞ்சளாகியது. வேர்ப்பக்கம் நாய்க்குடை முளைத்தது. மண் சேறாகிச் சேறு அழுகல் வாடை அடித்தது. ஒரு காலையில் மரம் மின்கம்பிப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. கிளை வெட்டுகிற ஆட்கள் ஏணியோடு வந்து, அடிமரத்தில் கை வைத்துத் தள்ளிப் பார்த்தார்கள். கை வைத்த இடத்தில் மரம் ஆடியது.

"வேர் அழுகிடுச்சு. எவன்யா இவ்ளோ தண்ணி ஊத்தினது?" என்று அவர்களில் மூத்தவன் கேட்டான். இருபத்தாறு வீடும் ஒரு வண்டியும் ஊற்றியிருந்தன. "கம்பிமேல விழுந்தா ஊரே இருட்டாயிடும். கத்திரி முடியறப்போ வர்றோம். நிமிந்திருந்தா பார்க்கலாம். இல்லேன்னா அடியோட எடுத்துடறதுதான்."

அன்று மறுபடி கூட்டம் கூடியது. ஒரு சொட்டும் ஊற்றக்கூடாது என்று பேசிக்கொண்டார்கள். ஊற்றாமலிருப்பது ஊற்றுவதைவிடக் கடினமாக இருந்தது. தெரு முழுவதும் கீழ்முனையை நோக்கிச் சரிந்தது, எங்கே கொட்டினாலும் தண்ணீர் மரத்தடிக்குத்தான் போகும். அதனால் வாசல் தெளிப்பதை நிறுத்தினார்கள், வறண்ட புழுதியிலேயே கோலம் போட்டார்கள். வண்டி கழுவுவதை நிறுத்தினார்கள். ஏகாம்பரம் சார் ட்யூபைச் சுருட்டி மாடிக்கு எடுத்துப்போனார். வஹாப் பாய் கிளையில் ஒரு கயிற்றைக் கட்டி, நுனியில் இரும்பு நட்டு ஒன்றைத் தொங்கவிட்டார், மரம் நிமிர நிமிர அது அடிமரத்தை நெருங்கும்.

கடைசியாக ஊற்றியவள் தனபாக்கியம் என்பதால் நிழல் அவளிடம் இருந்தது. மண் காயக் காய அது நைந்தது. பழைய வேட்டிபோல ஊடுருவி வெயில் தெரிந்தது. ஒரு சொம்பு ஊற்றினால் போதும் என்று அவளுக்குத் தெரியும், கழுவின தண்ணீர் கையிலேயே இருந்தது. அதைக் கேனில் ஊற்றி மூடினாள். ஒரு பிற்பகலில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிழல் இல்லாமல் போயிற்று. அதன்பிறகு தெருவில் யாரிடமும் நிழல் இல்லை. அவள் வண்டியில் நாலு குச்சி கட்டி, பழைய கத்தரிப்பூ நிறச் சேலை ஒன்றைக் குண்டானுக்கு மேலே விரித்துக்கொண்டாள். விற்றது கொஞ்சம், புளித்தது மிச்சம். டம்ளர் கழுவிய தண்ணீரைச் சொட்டுச் சிந்தாமல் பாலம் தாண்டித் திரும்பக் கொண்டுபோனாள், கேன் கனத்தில் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது.

அந்த வெயிலில் லோகாம்பாள் இறந்துபோனாள். காலையில் கஞ்சி கொடுக்கப் போன ஏகாம்பரம் சார், சுவரைப் பார்த்தபடி அவள் கிடந்ததைக் கண்டார்.

பத்து மணிக்கே தரையில் கால் வைக்கமுடியவில்லை. ஓசூரிலிருந்து மகன் வரவேண்டும், அவளை வாசலில் கிடத்தவேண்டும், வந்தவர்கள் நிற்கவேண்டும். தேவராஜைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவன் தலையைச் சொறிந்தான். "முகூர்த்த நாள் சார். துணி அத்தனையும் காட்பாடி கல்யாணத்துல கீது. மூங்கில் கீது, கயிறு கீது. பழசை எதுவும் மனசுல வெச்சிக்கினு சொல்லலை. நெசமாத் துணி இல்ல."

ஏகாம்பரம் சார் உள்ளே போனார். பித்தளைக் குடத்தில் தண்ணீரோடு வெளியே வந்தார். தெருவில் எல்லா கேட்டிலும் ஆட்கள் நின்றார்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, சாவு வீட்டுக்கு முதல் உரிமை என்று சொன்னது அவர்களே. மரத்தடியில் குண்டானுக்குப் பக்கத்தில் தனபாக்கியம் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு குடம்தான்மா" என்றார் அவர்.

"ஊத்துங்க சார். உங்க வீட்டுக்குத்தான் முதல் உரிமை. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றாள். சொன்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் குடத்தைச் சாய்க்கவில்லை. கயிற்று நுனியில் தொங்கிய இரும்பு நட்டைப் பார்த்தார். நேற்றைவிட அது அடிமரத்தை ஒரு விரற்கடை நெருங்கியிருந்தது. மஞ்சள் இலைகளுக்கு நடுவில் செப்பு நிறத்தில் ஒரு துளிர் தெரிந்தது.

"இதோட எலையைத்தான் அவ சுவத்துல பார்த்துக்கிட்டே கெடந்தா" என்றார். "போன வாரம் நிழல் நின்னப்போ, மரம் போயிடுச்சான்னு கையால கேட்டா. நிக்குதுன்னேன்."

குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். "குளிப்பாட்டத் தண்ணி வேணும்ல" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு உள்ளே போனார். குளிப்பாட்டிய தண்ணீரைக்கூட அவர்கள் தெருவுக்கு விடவில்லை, பின்பக்கம் குழி தோண்டி விட்டார்கள்.

தனபாக்கியம் எழுந்தாள். குண்டானின் மேலிருந்த சேலையை அவிழ்த்தாள். குண்டான் வெயிலில் நின்றது. தேவராஜின் மூங்கில் ஒன்றை இழுத்து நட்டு, சேலையின் ஒரு முனையை அதிலும் மறுமுனையை ஏகாம்பரம் சார் வீட்டுக் கேட்டிலும் கட்டினாள். நடுவில் ஒரு கிழிசல் இருந்தது, அதன் வழியாக வெயில் பொட்டுப்போல விழுந்தது. ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு நிழல் வந்தது.

விக்டோரியா டீச்சர் உள்ளே போய், மடிப்புக் கலையாத சேலை ஒன்றை எடுத்துவந்தாள். பின்னால் வந்த பக்கத்து வீட்டுப் பெண் தன் கையிலிருந்த சேலையோடு தயங்கினாள். "டீச்சரம்மா, சாவு வீட்டுல கட்டினதை மறுபடி வீட்டுக்குள்ள எடுக்கமாட்டாங்களே எங்கள்ல."

"அப்ப எடுக்காதீங்க. இங்கயே கெடக்கட்டும்" என்றாள் மும்தாஜ், தன் பச்சைச் சேலையை உதறிக்கொண்டே.

தேவராஜ் மூங்கிலை ஊன்றினான், வஹாப் பாய் ஏணி பிடித்தார், வீட்டுக்கு வீடு சேலை வந்தது. வாசலோடு நிற்கவில்லை. சுடுகாட்டுக்கு மேல்முனை வழியாகத்தான் போகவேண்டும், தூக்குகிறவர்கள் வெறுங்காலோடு போவார்கள் என்று யாரோ சொல்ல, சேலைகள் வாசல் வாசலாக மேல்முனைவரை போயின. சிவப்பு, ராமர் பச்சை, மாம்பழ மஞ்சள், வெளுத்தது, ஜரிகை போட்டது. லோகாம்பாள் அன்று மாலை தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வெயில் படாமல் போனாள்.

காரியம் முடிந்தும் சேலைகளை யாரும் அவிழ்க்கவில்லை. வீட்டுக்குள் எடுக்கக்கூடாது, தெருவில் போடவும் மனம் வராது. ஆக அவை மேலேயே இருந்தன, கத்திரி வெயில் அவற்றின்மேல் காய்ந்தது, கீழே தெரு நடமாடியது. ஏகாம்பரம் சார் தானே வந்து தனபாக்கியத்தின் வண்டியைத் தள்ளி, சேலை நிழலுக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். "வாசல் இல்லேன்னு சொன்னேன்" என்றார். அவள் ஒரு டம்ளர் கூழ் ஊற்றி, வெங்காயத்தை அதிகமாக அள்ளிப்போட்டு அவரிடம் நீட்டினாள்.

வைகாசியில் ஒரு பிற்பகல் மழை வந்தது. மழைக்கு முறை கிடையாது, அதைத் தடுக்கவும் முடியாது. எல்லோரும் கேட்டில் நின்று பார்த்தார்கள். சேலைகள் நனைந்து தொய்ந்து, நடுவில் குளமாகி, ஒவ்வொன்றாகச் சாயத்தோடு சொட்டின. சிவப்பும் பச்சையும் கத்தரிப்பூவும் மஞ்சளுமாகத் தண்ணீர் தெருவில் இறங்கி, ஒன்றோடொன்று கலந்து, எந்த வீட்டுத் தண்ணீர் எது என்று பிரிக்கமுடியாமல், சரிவில் ஓடி மரத்தடியில் போய் நின்றது. காய்ந்துகிடந்த மண் அதைக் குடித்தது.

மறுநாள் காலையில் ஒவ்வொருவரும் கதவைத் திறந்ததும் முதலில் தங்கள் வாசலைப் பார்த்தார்கள். இலை இலையாக மரத்தின் நிழல் இருந்தது. பிறகு பக்கத்து வாசலைப் பார்த்தார்கள். அங்கேயும் இருந்தது. மேல்முனையிலிருந்து கீழ்முனைவரை, கூரைகளின்மேலும் சுவர்களின்மேலும் படிகளின்மேலும் ஒரே நிழலாகக் கிடந்தது. இத்தனை இடத்துக்குப் பரவியதில் கொஞ்சம் மெல்லியதாகியிருந்தாலும் வெயில் சுடவில்லை. இலைகளுக்கு நடுவில் சேலையின் சாயம் இருந்தது. விக்டோரியா டீச்சர் தன் ஜரிகைக் கரையைத் தேடிக்கொண்டு போனவள் தெருவைத் தாண்டி எதிரே மும்தாஜின் படியில் அதைக் கண்டுபிடித்தாள். "இதைப் பாருங்க, என் முந்தானை உங்க வாசல்ல" என்றாள். "அங்க என் பச்சை என்ன பண்ணுது, முதல்ல அதைப் பாருங்க" என்றாள் மும்தாஜ். கூழ் வண்டியின்மேல் எல்லா நிறமும் இருந்தது, குண்டான் மூடிமேல் ஒரு பொட்டு வெயில் கிழிசல் வழியாக விழுந்திருந்தது.

கிளை வெட்டுகிற ஆட்கள் சொன்னபடி வந்தார்கள். கயிற்றில் தொங்கிய இரும்பு நட்டு அடிமரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. அடிமரத்தைத் தள்ளிப் பார்த்தார்கள், அசையவில்லை. தெருவையும் நிழலையும் பார்த்தார்கள். ஏணியைச் சாய்த்து வைத்துவிட்டு ஆளுக்கு இரண்டு டம்ளர் கூழ் குடித்துவிட்டுப் போனார்கள்.

மழையில் நனைந்தபிறகு தீட்டில்லை என்று பெரியவர்கள் சொன்னதால் சேலைகளை அவிழ்த்து அவரவர் எடுத்துக்கொண்டார்கள். சாயம் கலந்துபோனதில் எது யாருடையது என்று தெரியாமல் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள். அதிலிருந்து அந்தத் தெருவில் ஒரு வழக்கம் வந்தது. மண் காய்ந்தது என்று தெரிந்தால் எல்லா வீட்டிலிருந்தும் ஆளுக்கொரு சொம்பு தண்ணீரோடு மேல்முனைக்குப் போவார்கள். கூழ் வண்டியிலிருந்தும் ஒரு சொம்பு போகும். எல்லோரும் ஒன்றாகத் தரையில் ஊற்றி ஓடவிடுவார்கள். மரத்தடிக்கு வந்து சேருவது தெருவின் தண்ணீர். வாளி யாருடையது என்ற கேள்வி அதில் எழவில்லை.

மழைக்குப் பின்னால் மரத்தடியில் காய்கள் வெடித்து முளைத்திருந்தன. துணி காய்ந்துகொண்டிருந்த பழைய கூண்டுகளைச் சுத்தம் செய்து, ஆளுக்கொரு முளையைப் பெயர்த்து நட்டார்கள். இந்த முறை கேசரியும் படமும் இல்லை. பெயர்களின்மேல் புதிதாகப் பெயிண்ட் அடிக்கவேண்டுமா என்று பேச்சு வந்து, வேண்டாம் என்று விட்டார்கள். ஏகாம்பரம் சார் தனக்கென்று பெயர்த்ததுபோக இன்னொன்றைப் பெயர்த்து, மண்ணோடு ஒரு பால் பாக்கெட்டில் வைத்துத் தனபாக்கியத்திடம் கொண்டுவந்தார்.

"எனக்கு எதுக்கு சார்? நான்தான் மரத்தடியிலயே நிக்கிறேனே."

"உங்க வாசலுக்கு" என்றார் அவர்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், அவள் வீடு இருக்கிற சந்தில், சைக்கிள் போகிற அகலம்தான் வாசல். ஆனாலும் சுவரோரம் கல்லைப் பெயர்த்துக் குழி போட்டு நட்டாள். இரண்டே இலை. வண்டியில் மிச்சமிருந்த, டம்ளர் கழுவிய தண்ணீரைக் கேனிலிருந்து சாய்த்து அதற்கு ஊற்றினாள்.

மறுநாள் காலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு பாலத்தின்மேல் வந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கைப்பிடியைப் பிடித்திருந்த அவள் புறங்கையில் ஏதோ ஊர்வதுபோல் இருந்தது. தட்டிவிடப் பார்த்தாள். போகவில்லை. குனிந்து பார்த்தாள். கட்டைவிரல் நகம் அளவுக்கு இரண்டு இலையின் நிழல் புறங்கை நரம்பின்மேல் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

அதை மேகம் என்று அவள் நினைக்கவில்லை. கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு பாலம் முழுவதும் வண்டியை மெதுவாகத் தள்ளினாள்.